பொது வாயிற்காவல்: எரித வடிகட்டல் விதிகளின் கூட்டுருவாக்கமும் தமிழ் மின்னஞ்சலும்

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி உச்சியை அடைய வாயில்கள் பலவற்றைக் கடக்க வேண்டும். ஒரு வாயிலில் தப்பியவன் அடுத்ததில் சோதனைக்குள்ளாவான். மின்னஞ்சல் வடிகட்டிகளும் பெரிதும் இம்முறையிலேயே இயங்குகின்றன. வேறுபாடு ஒன்றுண்டு: கோட்டைக்குக் காவல்விதி அதன் தலைவன் வகுப்பது, மின்னஞ்சலுக்கோ முன்பின் அறியாத பலர் கூடி வகுத்தது. அவ்விதிகள் உருவான முறையையும் அவற்றில் தமிழ் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘ஸ்பேம்’ என வழங்கும் எரிதத்தின் தொடக்கம் 1978 மே 3 அன்று கேரி துர்க் என்பார் ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய கணிப்பொறி விளம்பரம் என்பர். அதைத் தடுக்கும் கூட்டுமுயற்சி மிகப் பின்னரே தோன்றியது. 1997இல் பால் விக்சி முதலியோர் அமைத்த தடைப்பட்டியல் அனுப்பும் கணிப்பொறியின் முகவரியை மட்டுமே நோக்கியது. 1998இல் இந்தியரான விபுல் வேத் பிரகாஷ் உருவாக்கிய ‘ரேசர்’ அஞ்சலின் உள்ளடக்கத்தையே நோக்கியது. ஒருவர் எரிதம் எனச் சுட்டிய அஞ்சலின் சுருக்கக் குறியீடு பொதுவில் பதிவாகும். அதே அஞ்சலைப் பெறும் பிறர் அதனோடு ஒப்பிட்டுக்கொள்வர். தவறாகச் சுட்டப்பட்டதை மீட்கும் வழியும், சுட்டுவோரின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் முறையும் அடுத்த பதிப்பில் சேர்ந்தன. சுட்டும் உரிமையினும் மீட்கும் உரிமையே இதில் பெரிது என்பது என் கருத்து.

2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ‘ஸ்பேம் அசாசின்’ 2004இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதன்மைத் திட்டமாயிற்று. இதில் எந்த ஒரு விதியும் பொதுவாகத் தனித்துத் தீர்ப்பளிப்பதில்லை. விதிதோறும் ஒரு மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் அஞ்சல் எரிதமாகக் கொள்ளப்படும். மதிப்பெண்கள் வந்த வழியே வரலாற்று நோக்கில் முதன்மையானது. தன்னார்வலர்கள் தம் நல்லஞ்சலையும் எரிதத்தையும் பிரித்துவைத்து, அவற்றின்மீது விதிகளை ஓட்டி, எவ்விதி எங்குப் பொருந்தியது என்ற குறிப்பை மட்டும் அனுப்புவர். அஞ்சல் அவர்தம் கணிப்பொறியைவிட்டு வெளியேறுவதில்லை. அக்குறிப்புகளின் அடிப்படையில் மதிப்பெண்கள் கணக்கிடப்படும். எவருடைய நல்லஞ்சல் அத்தொகுப்பில் இல்லையோ, அவருடைய மொழிவழக்கை அக்கணக்கு அறியாது.

பொதுவிதி பிழைத்தால் பிழையும் பொதுவாகும். தேதியிட்ட ஆண்டு நெடுந்தொலைவு எதிர்காலத்தில் இருந்தால் ஐயுறுக என்றொரு விதி இருந்தது. எழுதப்பட்ட காலத்தில் 2010 தொலைவாகவே தோன்றியிருக்கும். 2010 சனவரி 1 அன்று உலகெங்கும் முறையான அஞ்சல்களுக்கும் அமைப்பைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 3.5 வரை மதிப்பெண் கூடியது. திருத்தம் 2009இலேயே மூலநிரலில் செய்யப்பட்டிருந்தும், பயன்பாட்டிலிருந்த பதிப்புக்கு அனுப்பப்படவில்லை.

தமிழுக்கு வருவோம். ஒருங்குறி பரவுமுன் வழங்கிய திஸ்கி, 8 பிட் குறியேற்றம். மேற்பாதியில் தமிழ் வடிவங்களைக் கொண்டது. அஞ்சலின் தலைப்பில் இத்தகைய எழுத்துகளை நேரடியாக இடாமல் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றியே அனுப்ப வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் மைம் தரம். மாற்றாமல் அனுப்பினால், தலைப்பில் முறையற்ற எழுத்துகள் மிகுந்துள்ளன என ஸ்பேம் அசாசின் விதியொன்று மதிப்பெண் கூட்டும். எரிதம் அனுப்புவோரின் கவனக்குறைவைப் பிடிக்க எழுந்த விதி, திஸ்கியில் தலைப்பிட்ட தமிழறிஞரின் மடலையும் அதே கண்ணால் நோக்கியது. திஸ்கி உருவானதே பன்னாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழி நிகழ்த்திய உரையாடலில்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ஒருங்குறி இச்சிக்கலைப் பெரிதும் தீர்த்தது, முற்றிலும் அன்று. ஏற்கத்தக்க எழுத்துமுறைகளைக் குறிக்கும் அமைப்பில் மேலை எழுத்துகள், சப்பானியம், கொரியம், சிரில்லிக், தாய், சீனம் ஆகிய ஆறே உள்ளன. இந்திய எழுத்து எதுவும் இல்லை. மொழியை இனங்காணும் துணைநிரலிலோ தமிழ் உண்டு. முன்னதை எழுத்துத் தரங்கள் வரையறுத்தன. பின்னதற்கு மாதிரி உரை போதுமானதாயிற்று. பல்கலைக்கழகத் தமிழ்த்துறை ஒன்று தன் ஆசிரியர்களின் இசைவோடு நல்லஞ்சல் தொகுப்பொன்றைப் பேணி, விதிக்குறிப்புகளை மட்டும் அனுப்பிவர இயலும். கருத்தரங்க அழைப்பு, கட்டுரை வேண்டுகோள், நூல் வெளியீட்டு அறிவிப்பு ஆகிய மூன்றும் பலருக்கு ஒருங்கே செல்வன. எரிதத்தோடு எளிதில் மயங்குவன. தொகுப்பை இவற்றிலிருந்தே தொடங்கலாம்.