பரிசு எப்போது? வலுவூட்டல் ஆய்வின் வரலாறு



நன்றாகப் படிக்கும் மாணவனுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம், கைதட்டிப் பாராட்டுகிறோம், சில வேளைகளில் மிட்டாயும் தருகிறோம். எதைத் தருவது, எவ்வளவு தருவது என்று யோசிக்கும் நாம், எப்போது தருவது, எத்தனை முறைக்கு ஒரு முறை தருவது என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், கற்றல் உளவியலின் வரலாற்றில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியது அந்த ‘எப்போது’ என்னும் வினாவே.

1898-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் தம் பூனை ஆய்வுகளை வெளியிட்டார். பசித்த பூனை ஒன்றைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து, உணவை வெளியே வைப்பார். பூனை பிராண்டும், கடிக்கும், முட்டும். தற்செயலாகத் தாழ்ப்பாள் நீங்கக் கதவு திறக்கும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது பயனற்ற செயல்கள் குறைந்து, வெளியேற எடுத்த நேரமும் படிப்படியாகக் குறைந்தது. நல்விளைவு தரும் செயல் நிலைபெறும் என்னும் இக்கருத்தே ‘விளைவு விதி’ எனப் பெயர் பெற்றது. தண்டனை ஒரு செயலை அதே அளவு வலுவிழக்கச் செய்யும் என முதலில் கருதிய தோர்ண்டைக், பிற்கால ஆய்வுகளுக்குப் பின் அக்கருத்தை மாற்றிக்கொண்டார்.

அடுத்து வந்தவர் பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990). ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த பெட்டியில், எலி நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். ஒரு செயலைத் தொடர்ந்து வந்து, அச்செயல் மீண்டும் நிகழ வழிசெய்யும் விளைவையே ‘வலுவூட்டல்’ என்கிறோம். அக்காலத்தில் அந்த உருண்டைகளை ஸ்கின்னரே தம் கையால் செய்தார். 1930-களின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கையிருப்பு திங்கட்கிழமை காலையிலேயே தீர்ந்துவிடும் எனக் கணக்கிட்டார். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் உணவு தரத்தான் வேண்டுமா என்ற ஐயம் அப்போது பிறந்தது. நிமிடத்திற்கு ஒரு முறை மட்டும் உணவு கிடைக்குமாறு செய்து பார்த்தார். எலிகள் சோர்ந்து நின்றுவிடவில்லை. சீரான வேகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தன. தட்டுப்பாடு ஒரு புதிய துறைக்கு வாயில் திறந்தது.

இதன் முழுமையான வடிவத்தை ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட ‘வலுவூட்டல் அட்டவணைகள்’ என்னும் நூலில் காணலாம். பெரும்பாலும் புறாக்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் அவை. அவற்றிலிருந்து பெறப்படும் அடிப்படை வகைகள் நான்கு.

1. நிலையான எண்ணிக்கை: பத்துக் கணக்குச் செய்தால் ஒரு நட்சத்திரம் என்பது போன்றது. வேகம் கூடும்; பரிசு பெற்றவுடன் சற்றே ஓய்வு வரும்.

2. மாறும் எண்ணிக்கை: எத்தனையாவது முயற்சிக்குப் பரிசு என்பது தெரியாது. முயற்சி இடைவிடாது தொடரும். சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்தவர் எழாமல் இருப்பதை ஸ்கின்னர் இதைக் கொண்டே விளக்கினார்.

3. நிலையான இடைவெளி: குறித்த காலம் கழிந்த பின் செய்யும் செயலுக்கே பரிசு. தொடக்கத்தில் மந்தம், வேளை நெருங்க வேகம். தேர்வு நெருங்கும்போது மட்டும் புத்தகத்தைத் திறக்கும் வழக்கம் இதனை ஒத்தது.

4. மாறும் இடைவெளி: எவ்வளவு காலம் கழிந்தால் பரிசு என்பது தெரியாது. மிதமான, ஆனால் சீரான முயற்சி அமையும். முன்னறிவிப்பின்றி வரும் சிறு சோதனை இத்தகையது.

எப்போதாவது மட்டும் பரிசு பெற்ற செயல், ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற செயலைவிட எளிதில் மறையாது என்பது இத்துறையின் முக்கியமான முடிவு. பெற்றோர் இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கடையில் பொம்மைக்காக அழும் குழந்தைக்கு ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாம் முறை வாங்கித் தந்தால், கண்டிப்பாக இருந்ததாகவே நாம் எண்ணுவோம். குழந்தை கற்றுக்கொள்வதோ, விடாது அழுதால் என்றேனும் கிடைக்கும் என்பதையே. நாம் அறியாமலே இரண்டாம் வகை அட்டவணையை அழுகைக்கு வழங்கிவிடுகிறோம். உறுதியாக மறுக்கத் தொடங்கும்போது அழுகை முதலில் கூடக்கூடும். அந்த நேரத்தில் மனம் இளகிவிட்டால், இன்னும் உரத்த அழுகைக்கே பரிசளித்தவராவோம்.

1953-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்கின்னர் தம் மகள் பயின்ற நான்காம் வகுப்பின் கணிதப் பாடத்தைப் பார்வையிட்டார். எல்லா மாணவரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியிருந்தது. தம் விடை சரியா, தவறா என்பதை உடனே அறிய வழியில்லை. இவ்விரண்டு குறைகளையும் போக்க, ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் முடிவு காட்டும் கற்பிக்கும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். இன்று கணினிப் பயிற்சிகள் விடையை உடனே சரிபார்ப்பதில் அக்கருத்தின் சாயலைக் காணலாம்.

எனினும், பரிசுக்கும் ஓர் எல்லை உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், ஓவியம் வரைவதை இயல்பாகவே விரும்பும் பாலர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தனர். வரைந்தால் சான்றிதழ் உண்டு என முன்கூட்டியே கூறப்பட்ட குழந்தைகள், பின்னர் விளையாட்டு நேரத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அக்குறைவு இல்லை. பரிசு ஒன்றே, முன்பே வாக்களித்ததா, பின்னர் வந்ததா என்பதே வேறுபாடு.

ஆகவே, புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ஒவ்வொரு சரியான முயற்சிக்கும் உடனே பாராட்டுத் தருவோம். வாசிப்பு கைவந்தபின் பாராட்டின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். கதைநூலைத் தானே விரும்பி எடுக்கும் பிள்ளைக்கு விலை பேசாதிருப்போம். அவன் படித்த கதையை நம்மிடம் சொல்லவரும்போது காதுகொடுத்துக் கேட்போம்.