வில்லங்கம் இல்லை என்று சொல்வது யார்? அயல்நாட்டுத் திருமணமும் மணத்தடையின்மைச் சான்றும்

1. நிகழாததற்குச் சான்று

வெளிநாட்டில் மணம் முடிக்கப் போகும் இந்தியரிடம் அந்நாட்டுப் பதிவாளர் கேட்கும் தாள்கள் பெரும்பாலும் நடந்த ஒன்றைச் சொல்பவை. பிறப்புச் சான்று ஒருவர் பிறந்ததைச் சொல்கிறது. மணமுறிவுத் தீர்ப்பு பழைய மணம் முடிந்ததைச் சொல்கிறது. இறப்புச் சான்று முந்தைய துணை மறைந்ததைச் சொல்கிறது. அவற்றோடு கேட்கப்படும் இன்னொரு தாள் மட்டும் நடக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: இவருக்கு இதுவரை மணம் ஆகவில்லை, மணம் செய்துகொள்ளச் சட்டத்தில் தடையும் இல்லை. இதை மணத்தடையின்மைச் சான்று என்கிறோம். பேச்சுவழக்கில் ‘சிங்கிள் ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்’.

தமிழ்நாட்டில் நிலம் வாங்குவோர் அனைவரும் அறிந்த ஒரு தாள் இதற்கு உறவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கும் வில்லங்கச் சான்றும் ஓர் ‘இல்லை’யைத்தான் சொல்கிறது. ஆனால் அது தன் எல்லையையும் கூடவே சொல்லிவிடுகிறது: இன்ன சர்வே எண், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இந்த அலுவலகப் பதிவேட்டில் தேடியதில் பதிவு ஏதும் இல்லை. பதிவாகாத அடமானத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை; திறப்பதாகப் பாவனை செய்வதும் இல்லை. இந்திய மணத்தடையின்மைச் சான்றிடம் இந்த நேர்மை இல்லை, அதன் மேல் ஏறும் முத்திரைகள் அந்தக் குறையை மறைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஏடு, அறிவிப்பு, வாய்ச்சொல்

நிகழாததை ஓர் அரசு எப்படி அறியும்? உலக நாடுகளின் நடைமுறையை மூன்று வழிகளாக வகுக்கலாம்.

முதல் வழி ஏடு. ஜப்பானின் ‘கோசெகி’ என்னும் குடும்பப் பதிவேடு 1872 முதல் நாடு தழுவி நடப்பில் இருக்கிறது. பிறப்பு, மணம், மணமுறிவு, இறப்பு எல்லாம் அதில் ஏறுகின்றன. பதிவேட்டில் ஏறுவதாலேயே மணம் சட்டப்படி நிறைவேறுகிறது. ஆகவே ஏட்டில் இல்லாத மணம் சட்டத்தின் கண்ணில் இல்லாத மணம். அங்கே ஓர் அலுவலர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் ‘தடையில்லை’ என்று எழுதினால் அது அறிந்து எழுதியதாகும்.

இரண்டாம் வழி அறிவிப்பு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், நடக்கவிருக்கும் மணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் ‘ஓலை வாசித்தல்’ என்று சொல்லும் வழக்கம் இதன் தொடர்ச்சி. தடை அறிந்தவர் எழுந்து சொல்லட்டும். எவரும் சொல்லாவிட்டால் தடை இல்லை என்று கொள்வோம் என்பது இதன் தருக்கம். இங்கிலாந்து இதை மதச்சார்பற்ற பதிவாளரிடம் கொண்டுவந்தது. இன்று அங்கே பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். 1906இல் இயற்றப்பட்ட ‘அயல்நாட்டாருடன் திருமணச் சட்டம்’, வெளிநாட்டில் மணம் செய்யப் போகும் பிரிட்டிஷ் குடிமக்களுக்குச் சான்று தர வழி செய்தது. முறைப்படி அறிவித்தபின் தடை எதுவும் தமக்குக் காட்டப்படவில்லை என்பதைத்தான் பதிவாளர் அதில் சொல்கிறார். ‘தடை இல்லை’ என்பதும் ‘தடை காட்டப்படவில்லை’ என்பதும் வேறு வேறு. பின்னது அறிவிப்புக்குப்பின் நிலவிய மௌனத்துக்குச் சான்று. அந்த மௌனத்துக்கு மதிப்பு வர வேண்டுமானால், அறிவிப்பைப் படிக்கக்கூடிய, மணமக்களை அறிந்த ஓர் ஊர் இருக்க வேண்டும்.

மூன்றாம் வழி வாய்ச்சொல். அமெரிக்காவில் மணப் பதிவு மாநிலங்களின் பொறுப்பு. நாடு முழுமைக்குமான மணப் பதிவேடு கிடையாது. எனவே ஜப்பானில் மணம் செய்ய விரும்பும் அமெரிக்கர் தம் நாட்டுத் தூதரகத்தில் நின்று, தமக்குத் தடையில்லை என்று தாமே சத்தியம் செய்கிறார். அதிகாரி சத்தியத்துக்குச் சாட்சி. அதன் உண்மைக்குப் பொறுப்பாளர் அல்லர்.

சிக்கல் எழுவது ஒரு வழியில் பழகிய நாடு மற்றொரு வழியில் வந்த தாளைக் கையில் வாங்கும்போது. ஜெர்மன் குடிமையியல் சட்டத்தொகுப்பின் 1309ஆம் பிரிவு, அங்கு மணம் செய்யும் அயல்நாட்டவர் தம் நாட்டு அரசிடமிருந்து மணத்தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் ஏடு வைத்திருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. அப்படிச் சான்று தராத நாடுகளின் குடிமக்களுக்கு மாநில உயர்நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்கலாம் என்று அதே பிரிவு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சான்றுக்கும் விலக்குக்கும் ஆயுள் 6 மாதம். 1980இல் மியூனிக்கில் உருவான உடன்படிக்கை பன்மொழிச் சான்று ஒன்றை வகுத்தது. அதுவும் 6 மாதமே செல்லும். மணமாகாமை நாளுக்கு நாள் மாறக்கூடியது என்பதை இந்தக் காலக்கெடு ஒப்புக்கொள்கிறது.

3. ஒரு பத்திரம், பல முத்திரை

இந்தியா எந்த வழியில் நிற்கிறது? ஏட்டு வழியில் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பதிவுக்கு இடம் தந்துவிட்டு, பதிவு செய்யாததால் மணம் செல்லாததாகிவிடாது என்றும் சொல்கிறது. 1967இல் அண்ணா ஆட்சிக் காலத்தில் சேர்க்கப்பட்ட 7அ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் அல்லது தாலி கட்டினால் தமிழ்நாட்டில் அது முழு மணம். 2023இல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அத்தகைய மணத்துக்குப் பொது அறிவிப்பு தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. 2006இல் சீமா வழக்கில் எல்லா மணங்களையும் கட்டாயம் பதிவு செய்யுமாறு அதே நீதிமன்றம் பணித்தது. தமிழ்நாடு 2009இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அதன்பின்னும் நிலை மாறவில்லை: சார்பதிவாளரின் ஏட்டில் ஒருவர் பெயர் இல்லை என்பதால் அவருக்கு மணம் ஆகவில்லை என்று சட்டத்தால் முடிவு கட்ட இயலாது.

ஏடு சொல்ல முடியாததை வாய்ச்சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லைத் தாங்கி வரும் பிரமாணப் பத்திரத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். முத்திரைத்தாளில் தட்டச்சான ஒரு பக்கம். இன்னாரின் மகள், இத்தனை வயது, இன்ன முகவரியில் குடியிருக்கும் நான் உண்மையாக உறுதி கூறுவதாவது என்று தொடங்கும். நான் இதுவரை எவரையும் மணந்ததில்லை. வெளிநாட்டில் இன்னாரை மணக்க எனக்குத் தடை ஏதுமில்லை என்று இரண்டு பத்திகள். கீழே அவர் கையெழுத்து. அருகில் நோட்டரியின் வட்ட முத்திரையும் சிவப்பு வில்லையும். பின்பக்கம் திருப்பினால், நோட்டரியின் கையெழுத்து நோட்டரியுடையதே என்று மாநில அரசு அலுவலரின் முத்திரை. அதற்குப் பக்கத்தில், அந்த அலுவலரின் கையெழுத்து அவருடையதே என்று வெளியுறவு அமைச்சகம் ஒட்டிய அபோஸ்டில் வில்லை. முன்பக்கத்து இரண்டு பத்திகளைப் பற்றிப் பின்பக்கத்தில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இதில் யார் மீதும் தவறில்லை. 1961ஆம் ஆண்டின் ஹேக் அபோஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் உள்ளது. கையெழுத்து உண்மையானதா, ஒப்பமிட்டவர் எந்தப் பொறுப்பில் ஒப்பமிட்டார், முத்திரை யாருடையது ஆகிய மூன்றை மட்டுமே அபோஸ்டில் உறுதிசெய்யும். உள்ளடக்கம் அதன் வேலை அன்று. ஆனால் வாங்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு, தேசியச் சின்னம் பொறித்த வில்லை ஒட்டியதும் ஒரு தனிமனிதரின் சொல் அரசின் சொல்லாகத் தோன்றிவிடுகிறது.

ஏமாறாதவர்களும் உண்டு. இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது. ஜெர்மன் பதிவாளர் கேட்டுக்கொண்டால், அந்நாட்டின் தூதரகங்கள் இங்கே நம்பகமான வழக்கறிஞர் ஒருவரை நியமித்து ஆவணங்களை நேரில் சரிபார்க்கச் செய்கின்றன. அவர் அலுவலகப் பதிவுகளைப் பார்ப்பதோடு உறவினர், அக்கம்பக்கத்தாரையும் விசாரிப்பதுண்டு. ஓலை வாசித்து ஊரின் வாயைத் திறக்க முயன்ற அதே பழைய வழிக்கு, ஏட்டு நாடான ஜெர்மனி இங்கு திரும்பி வருகிறது!

நம் வருவாய்த் துறையும் இதே வழியை அறியும். தமிழ்நாட்டில் இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் திருமணம் ஆகாதவர் சான்றிதழ் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் வழங்குவது அது. நோட்டரி பத்திரத்தை விட இதில் அறிவின் கூறு அதிகம். விசாரிக்க ஒருவர் தெருவில் இறங்குகிறார். ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் அறிவு அவர் கிராமத்தோடு முடிகிறது. பத்தாண்டாகத் துபாயிலோ டொராண்டோவிலோ இருப்பவரைப் பற்றி அவர் யாரிடம் கேட்பார்? பெற்றோரிடம் கேட்பார். பெற்றோர் சொன்னதைத்தான் எழுதுவார்.

4. யாருடைய தடை?

சான்றின் இரண்டாம் பாதி இதனினும் சிக்கலானது. மணம் ஆகவில்லை என்பது ஒரு செய்தி. தடை இல்லை என்பதோ சட்டத் தீர்ப்பு. எந்தச் சட்டத்தின்படி?

1850இல் ஓர் ஆங்கிலேயர், இறந்த மனைவியின் சகோதரியை மணக்க விரும்பினார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அது விலக்கப்பட்ட உறவு. இருவரும் டேனிஷ் ஆட்சியில் இருந்த வாண்ட்ஸ்பெக்கில் அந்த ஊர்ச் சட்டப்படி மணந்தனர். 1861இல் புரூக் வழக்கில் பிரபுக்கள் சபை அம்மணம் செல்லாது என்றது: சடங்கின் முறையை மணம் நடக்கும் இடத்துச் சட்டம் ஆளும், மணக்கும் தகுதியை அவரவர் நிலைவாழிடச் சட்டமே ஆளும். 1909இல் செட்டி வழக்கில் இதற்கு ஓர் எல்லை போடப்பட்டது. இந்தியாவில் நிலைவாழிடம் கொண்ட ஓர் இந்து, இங்கிலாந்துப் பதிவு அலுவலகத்தில் ஆங்கிலப் பெண்ணை மணந்திருந்தார். சாதி கடந்து மணக்கத் தமக்குத் தகுதியே இல்லை, ஆகவே அது மணமே அல்ல என்று பின்னர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் சாதி விதியை, மனைவியைக் கைவிட்டதற்குக் கேடயமாக்க அவரை அது விடவில்லை.

இக்கேள்வி தமிழருக்கு இன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. அக்காள் மகளை மணப்பது இந்து திருமணச் சட்டப்படி விலக்கப்பட்ட உறவு. வழக்காறு அனுமதித்தால் செல்லும். தமிழகத்தில் பல சமூகங்களில் அவ்வழக்காறு உண்டு. இங்கிலாந்தின் 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் தாய்மாமன், மருமகள் மணம் செல்லாது. பிரான்சில் விலக்கு, குடியரசுத் தலைவர் தளர்த்தலாம். ஜெர்மனியில் நேர்வழி உறவுக்கும் உடன்பிறந்தாருக்கும் மட்டுமே தடை என்பதால் அங்கே செல்லும். மாமன் மகளை மணப்பதோ இங்கிலாந்தில் தாராளமாகச் செல்லும்; இங்குதான் வழக்காற்றின் துணை வேண்டும். ‘தடையில்லை’ என்ற ஒற்றைச் சொல் இந்த நான்கு நாடுகளிலும் நான்கு பொருள் தரும். நம் பத்திரம் அவற்றில் எதைச் சொல்கிறது என்பதைக் குறிப்பதே இல்லை.

இந்தியாவின் 1969ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டம் இதைத் தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு வழக்காற்றை ஏற்கிறது. 11ஆம் பிரிவு, மணம் நடக்கும் நாட்டுச் சட்டம் தடுத்தால் இந்தியத் திருமண அலுவலர் மறுக்கலாம் என்கிறது. இரு சட்டங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் இந்தத் தெளிவு சான்றிதழில் இறங்கவில்லை.

5. அறிவிப்பால் தீருமா?

ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். வெளிநாட்டு மணமகன் என்று நம்பி ஏமாந்த பெண்கள் ஏராளம். முன்மணத்தை மறைத்தவர்களும் உண்டு. ஆகவே சான்றை இறுக்க வேண்டும், அறிவிப்பை விரிவாக்க வேண்டும் என்பர். கவலை நியாயமானது, மருந்து பொருந்தாது. அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி தூதரகத்தில் மணம் செய்ய, இருவரில் ஒருவர் அத்தூதரகத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு அங்கும் இந்தியாவிலும் வெளியாகும். எதிர்ப்புக்கு 30 நாள் தவணை. வெளிநாட்டு அறிவிப்புப் பலகையைப் படித்து, திருநெல்வேலியில் நடந்த முன்மணத்தை வந்து சொல்லப் போவது யார்? படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சாதி மதம் கடந்த மணத்தைத் தடுக்க விரும்பும் உறவினர். உள்நாட்டில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் அறிவிப்பு விதிக்கும் இதே கதிதான். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வறிவிப்பை மணமக்கள் விருப்பத்துக்கு விட்டது சரியான திசை. அறிவிப்பு, சொல்ல வேண்டியவரிடம் சேராமல் தெரியக்கூடாதவரிடம் சேர்கிறது.

ஏமாற்றைத் தடுக்க வல்லது ஏடே. 2019இல் மாநிலங்களவையில் அறிமுகமான வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதா 30 நாளுக்குள் பதிவைக் கேட்டது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் அளித்த 287ஆம் அறிக்கை அத்தகைய மணங்களுக்குக் கட்டாயப் பதிவையும், கடவுச்சீட்டில் மணப் பதிவு எண்ணையும் பரிந்துரைத்தது. கடவுச்சீட்டில் இருக்கும் துணைவர் பெயர் நாம் சொல்லி ஏறுவது. பதிவு எண் ஏட்டிலிருந்து வருவது. இரண்டுக்கும் உள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள்.

6. முடிவு

மூன்று மாற்றங்கள் போதும். முதலாவது, இந்தியச் சான்று வில்லங்கச் சான்றின் வடிவை ஏற்க வேண்டும்: இன்ன மாவட்டங்களின் மணப் பதிவேடுகளில், இன்ன ஆண்டு முதல் இன்ன நாள் வரை, இப்பெயரில் பதிவு இல்லை. இரண்டாவது, ஏடு அறியாததைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் தனித்தாளாக, அது விண்ணப்பதாரரின் சொல் என்ற குறிப்போடு இணைய வேண்டும். மூன்றாவது, உறவுத் தடை பற்றிய பத்தி எந்தச் சட்டத்தின்படி, எந்த வழக்காற்றின்படி என்பதைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. படிவத்தைத் திருத்தினால் போதும்.

ஒரு வீட்டுமனைக்கு நாம் கேட்கும் துல்லியத்தை ஒரு திருமணத்துக்குக் கேட்காமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. அரசு தான் தேடிய ஏட்டுக்கு மட்டும் சான்று தரட்டும். தேடாததற்கு முத்திரை குத்த வேண்டாம்.