காசினிக் கீரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிற்றூரில் என் சின்னம்மாவின் மகள் குடியிருக்கிறாள். தை மாதத்தில் ஒரு நாள் போயிருந்தேன். காப்பி தருவதற்கு முன்பே மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் ஒரு தொட்டியைக் காட்டினாள். அதில் ஒரு கீரை. இலை ஒவ்வொன்றும் சுருண்டு நெளிந்து, எண்ணெய் காணாத குழந்தையின் தலையைப் போல் இருந்தது.

"இதென்னம்மா, கீரைக்கு யார் சுருட்டை முடி வைத்தது?" என்றேன்.

"விதைப் பொட்டலத்தில் 'எண்டைவ்' என்று போட்டிருந்தது, அண்ணா. தமிழில் இதற்குப் பேர் உண்டா? நீங்கள்தான் கதை எழுதுகிறவராயிற்றே!" என்றாள்.

கதை எழுதுகிறவனுக்குக் கீரையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் தேடினேன். பெயர் இருக்கத்தான் இருக்கிறது. காசினி!

'கஸ்னி' என்ற பாரசீகச் சொல்லே தமிழில் காசினி ஆயிற்று. யுனானி ஹக்கீம்கள் ஈரல் நோய்க்கு இதன் விதையைக் கொடுத்தார்கள். சிக்கரிக்கும், அதன் உடன்பிறப்பான இந்தச் சுருட்டைக் கீரைக்கும் அந்த ஒரே பெயர்தான். சிக்கரிப் பூவின் இளநீலத்தைப் பார்த்து, உருதுக்காரர்கள் ஒரு நிறத்துக்கே 'காஸ்னி' என்று பெயரிட்டார்கள். ரோமாபுரியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கவிஞர் ஹொரேஸ், தமது எளிய உணவைச் சொல்லும்போது சிக்கரியையும் சேர்த்துக்கொண்டார்.

சிக்கரி என்றதும் வாசகர்களுக்குக் காப்பி நினைவு வந்திருக்கும். 1806-ல் நெப்போலியன் ஆங்கில வாணிபத்துக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தார். காப்பிக்கொட்டை அரிதாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் குடித்தார்கள். யுத்தம் ஓய்ந்தது, நாக்கு மட்டும் அந்தக் கசப்பை விடவில்லை. இன்று நம் வீட்டு பில்டரில் இறங்குவதும் அந்தக் கசப்புத்தான். வேரைத் தினமும் குடிக்கிற நாம் இலையைக் கண்டு, "இது யார்?" என்று கேட்கிறோம்!

கசப்பு நமக்கு அந்நியமா என்ன? துவாதசிக்கு அகத்தி, வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூ. கடலூருக்கு மேற்கே வடலூரில் 1867-ல் தருமச்சாலை கண்ட வள்ளலார், கரிசலாங்கண்ணியை உயர்ந்த மூலிகையாகப் போற்றினார். அதுவும் ஈரலுக்கு நல்லது என்பது நாட்டு வைத்தியம். தாவர நூலாரோ, கரிசாலையும் காசினியும் சூரியகாந்தியின் குடும்பமே என்கிறார்கள். சீமையிலிருந்து வந்த விருந்தாளி நமக்குத் தாயாதி முறை!

வளர்ப்பது கடினமல்ல. குளிரில் தழைக்கும், வெயில் ஏறினால் பூத்தண்டு விட்டு, வாயில் வைக்க முடியாதபடி கசந்துவிடும். ஆகவே பெருமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் விதைக்க வேண்டும். பறிப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், இலைகளைச் சேர்த்து வாழைநாரால் குடுமிபோல் கட்டிவிட வேண்டும். வெளிச்சம் படாத நடு இலை வெளுத்து, கசப்பும் குறையும். ஈரத்தோடு கட்டினால் அழுகிவிடும்.

வெளுத்த இலையை அவள் தயிர்ப் பச்சடி செய்தாள். வெளிப்புறப் பச்சை இலையை அரிசி களைந்த நீரில் அலசி, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, ஒரு சிட்டிகை வெல்லம் போட்டுக் கூட்டாக இறக்கினாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டபின் கேட்டேன்: "கொல்லையில் அவ்வளவு இடம் இருக்கிறதே, தொட்டியில் ஏன் வைத்தாய்?"

அவள் சிரிக்கவில்லை. "மண் நெல்லிக்குப்பத்து மண், அண்ணா. அம்மா வீட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டு வந்தேன். தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர்."

உப்பனாற்றங்கரையில் 1980-களில் ரசாயனத் தொழிற்சாலைகள் எழுந்தன. பலருக்குச் சோறு போட்டன. அவள் கணவனுக்கும் அங்கேதான் வேலை. கூடவே நாற்றமும் வந்தது. கிணற்று நீரைப் பற்றிய புகாரும் வந்தது. இங்குள்ள காற்றை ஆராய்ந்த மத்திய ஆராய்ச்சி நிலையமான நீரி, புற்றுநோய் அபாயத்தைப் பற்றி 2008-ல் எச்சரித்தது. மண்ணில் காட்மியம் போன்ற உலோகம் இருந்தால், காயைவிடக் கீரையே அதை அதிகமாக இலையில் சேர்த்துக்கொள்ளும். அவள் வீட்டுக் கொல்லையில் அப்படி ஏதும் இருக்கிறதா, இல்லையா? சோதித்துச் சொல்ல யாரும் வரவில்லை. சந்தேகத்தைப் பிள்ளைகளின் தட்டில் பரிமாற எந்தத் தாய்க்கு மனம் வரும்?

காசினிக்குத் தமிழில் இன்னொரு பொருள் உண்டு. பூமி என்று அர்த்தம். கீரையின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த பெருமையோடு அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்த இரண்டாவது பொருளை எழுதும்போது பேனா சற்று நின்றது. ஒரு காசினியை வளர்ப்பதற்கு, இன்னொரு காசினியை அவள் மூட்டை கட்டிச் சுமந்து வரவேண்டியிருக்கிறதே!