யாழ்ப்பாணக் குடாநாட்டில் வான் உள்ளமைப்பு

ஆளேற்றவோ பொருளேற்றவோ செய்யப்பட்ட வானைப் படுக்கவும் சமைக்கவும் சில நாள் தங்கவும் ஏற்றதாக மாற்றும் வேலையே வான் உள்ளமைப்பு. உரிமையாளர் தாமே இதைச் செய்வதுண்டு. ஊர்க் கராச்சையும் தச்சரையும் சேர்த்துக்கொண்டு செய்வதுமுண்டு. ஐரோப்பாவில் இதற்குப் பெயர்பெற்ற முன்னோடி, 1951 இல் ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் வொக்ஸ்வாகன் வானுக்கென வெளியிட்ட கழற்றிப் பூட்டும் மரத் தளபாடம். இரவில் அது படுக்கையாகும். வேலை நாளில் அதை இறக்கி வைத்துவிட்டு வானைத் தொழிலுக்கு எடுக்கலாம். தங்கும் வான் யாழ்ப்பாணத்துக்குப் புதிது என்றாலும், வாகனத்தின் உடலைத் தம் கையால் ஆக்கும் பழக்கம் இங்கே தலைமுறைகள் கடந்தது. தட்டிவானைக் கட்டிய தச்சுத் திறனும் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த கராச் அறிவும் இன்று வானை மாற்ற நினைப்பவருக்கு எந்த வெளிநாட்டுக் கையேட்டையும்விட நெருக்கமானவை.

தட்டிவான்

தட்டிவான், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுக் குடாநாட்டின் ஊர்களையும் சந்தைகளையும் இணைத்த மர உடல் வாகனம். பழைய வாகனமொன்றின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் முன்முகத்தையும் வைத்துக்கொண்டு, மீதி உடலை மரத்தால் கட்டினார்கள். பக்கங்கள் காற்றோடத் திறந்திருக்கும். மழை வந்தால் படங்கு இறக்கப்படும். உள்ளே வாங்குகள், கூரைமேல் சாமான். பின்பக்கம் சங்கிலியில் தொங்கும் பலகையே வண்டிக்குப் பெயர் தந்த தட்டி. அதை விரித்தால் தளம் பின்னோக்கி நீளும். தேங்காய்ச் சாக்கு, வாழைக்குலை, பலாப்பழம், சைக்கிள் எல்லாம் அதில் ஏறும். உள்ளே இடமில்லாத நேரம் ஆட்களும் அதில் நின்று போவார்கள். தென்மராட்சியின் விளைச்சல் சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் வந்ததில் இந்த வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. கொடிகாமம்–பருத்தித்துறைப் பாதையோடு அதன் பெயர் இன்றும் சேர்த்தே பேசப்படுகிறது.

1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பிறகும் தட்டிவானின் தேவை ஒழியவில்லை. தன் கத்தரிக்காய்க் கடகத்தோடு தானும் ஏறிப் போக விரும்பிய கமக்காரருக்கு இதைவிட வசதியான வாகனம் கிடையாது. வடிவமைப்பாகவும் இது மிகத் தேர்ந்த வேலை. உடைந்த பலகையை ஊர்த் தச்சரே மாற்றலாம். வெப்பம் உள்ளே தேங்காது. ஒரு பலகை விரித்தால் தளம், மடித்தால் கதவு. இடம் குறைந்த வண்டியில் ஒவ்வொரு உறுப்பும் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்ற விதியை இவ்வளவு சிக்கனமாக நிறைவேற்றிய வாகனங்கள் குறைவு. எஞ்சியிருக்கும் தட்டிவான்களின் உடலை அளந்து வரைபடமாக்கி வைப்பது, பார்வைக்கு நிறுத்துவதைவிட அவசரமான பணி.

தடைக்காலக் கராச்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து முதலியவை குடாநாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டது அல்லது கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிக்கன விளக்கும், கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவில் கேட்ட வானொலியும் அக்காலத்தை வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியவை அல்ல. வாகனங்களும் அதே வழியில் உயிர்பிழைத்தன. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

இது எப்படி முடிந்தது என்பதற்கு இயந்திரவியல் காரணம் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இந்த எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. விகிதம் கூடிய புதிய எஞ்சின்களில் தட்டும் ஓசை எழும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்வதால் ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். பிரித்தானியாவின் பேர்குசன் உழவு இயந்திரங்களில் 1949 இல் வந்த ஒரு வகை, இதே முறையில் பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அங்கே பொறியியலாளர்கள் வடிவமைத்ததை இங்கே கராச்காரர்கள் உதிரிப்பாகமும் மின்சாரமும் இல்லாமல் ஆக்கினார்கள். அந்தத் திறன் உரிய மதிப்போடு பதிவாகவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

1995 ஒக்ரோபர் 30 இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வில் உருளக்கூடிய எல்லாமே குடும்பங்களின் உடைமை சுமந்து தென்மராட்சிக்குப் போயின. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் தடைகள் தளர்ந்து ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் அது மறுபடி மூடப்பட்டது. போர் 2009 இல் முடிந்தது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் மன்னார்ப் பக்கத்திலிருந்து பூநகரி வழியாகவும் குடாநாட்டுக்குள் வர முடிகிறது. நீண்ட பயணத்துக்கு வானை வீடாக்கும் எண்ணத்துக்கு அதன்பின்னரே இடம் உண்டானது.

இன்றைய வானும் அதன் பொருத்துகளும்

இலங்கையில் இதற்கு வாய்ப்பான வண்டி பெரும்பாலும் ரொயோற்றா ஹைஏஸ். அதன் பழைய வகையைச் சனங்கள் டொல்பின் என்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறந்ததால், கையிலுள்ள பழைய வானைச் செப்பனிட்டு வைத்திருப்பது பலருக்கு வழமையாகிவிட்டது.

முதல் வேலை துருவோடு. கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் உப்புக்காற்று, கூரையின் மழைநீர்ப் பீலியிலும் தளத் தகட்டின் மடிப்புகளிலும் முதலில் கைவைக்கும். தளத்துக்குப் பலகை போடுமுன் துருவைச் சுரண்டி, தடுப்புப் பூச்சு அடித்துக் காயவிட வேண்டும். துளையிட்ட ஒவ்வொரு விளிம்புக்கும் பூச்சு தேவை. ஆணிகளும் போல்ற்றுகளும் கறள் பிடிக்காத உருக்காக இருப்பது நல்லது.

அடுத்தது வெப்பம். குளிர்நாட்டு வழிகாட்டிகள் சூட்டை உள்ளே பிடித்துவைக்கச் சொல்லும். இங்கே அதை வெளியேற்ற வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதன் கீழ் நீர் உறிஞ்சாத மூடிய நுரைத் தாள், இரு பக்கமும் வலையிட்ட யன்னல், மேலே ஒரு விசிறி ஆகியவை போதும். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துத் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். மாரிக்குப்பின் டெங்கு பரவும் இடம் என்பதால் வலையில் சிக்கனம் கூடாது.

தளபாடத்தில் பாரமே முதற்கணக்கு. எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்று ஏறத்தாழ 32 கிலோகிராம் வரும். 9 மில்லிமீற்றர் அதில் பாதி. பனஞ்சிலாகை வீட்டுக் கூரைக்குச் சிறந்தது, வானுக்குப் பாரம். சட்டத்துக்கு மரம், முகத்துக்கு மெல்லிய பிளைவூட், எல்லாமே வாகனத்தின் இருக்கைத் துளைகளில் போல்ற்றால் பூட்டிக் கழற்றும்படி என்றால் திருத்தமும் எளிது. சமையலைப் பின்கதவுக்கு வெளியே வைப்பதே மேல். ஹைஏஸின் பின்கதவு மேலே எழும்பி நிழல் தரும். அதன் கீழ் சங்கிலியில் விரியும் பலகை அடுப்புமேசையாகும்.

சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தளத்திலேயே தேங்கும். அதனால் சிலிண்டர்ப் பெட்டிக்குத் தளமட்டத்தில் வெளியே திறக்கும் துளை கட்டாயம். உள்நாட்டில் கிடைக்கும் 2.3 கிலோ சிலிண்டர் இருவருக்குப் போதும். அதைக் கட்டிலின் கீழ் வைக்கக் கூடாது. பூட்டிய வானுக்குள் அடுப்பு எரிப்பதும் உயிராபத்து.

மின்சாரத்தில்தான் கூடுதலான தவறுகள் நேர்கின்றன. 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் 1200 வோற்-மணி இருந்தாலும் பாதியையே எடுக்கலாம். மேலும் எடுத்தால் ஆயுள் குறையும். லிதியம் இரும்புப் பொஸ்பேற் வகையில் 1000 வரை எடுக்கலாம். 25 வோற் விசிறி எட்டு மணிநேரம் ஓடினால் 200, விளக்குகளும் தொலைபேசிகளும் 70 அளவு. கூரையில் படுக்கையாகப் பூட்டிய 100 வோற் சூரியத் தகடு யாழ்ப்பாணத்து வெயிலில் நாளுக்கு 350 முதல் 400 வோற்-மணி தரும் என்று கணக்கிடலாம். ஆகவே விசிறிக்கும் விளக்குக்கும் ஒன்று போதும். சிறு குளிர்ப்பெட்டி இந்த வெக்கையில் மேலும் 500க்குக் குறையாமல் கேட்கும் என்பதால் 300 வோற் வரை தகடு தேவை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஒக்ரோபர்–டிசம்பரில் கிடைப்பது பாதியாகக்கூடும்.

வயரின் தடிப்பும் இங்கே கவனிக்கப்பட வேண்டும். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 அம்பியரை 5 மீற்றர் தூரம் கொண்டுபோய்த் திருப்பினால் 0.9 வோல்ற் அளவு வழியிலேயே போய்விடும், குளிர்ப்பெட்டி நின்றுவிடும். 2.5 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 0.35 ஆகக் குறையும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக்கம்பி வயர் அதிர்வில் முறியும். பலஇழை வயரையே எடுக்க வேண்டும். பற்றரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஓடும்போது எஞ்சின் மின்னாக்கியிலிருந்து இரண்டாம் பற்றரியை ஏற்றப் பிரிப்பு றிலே பூட்டினால், நிறுத்திய வானில் விசிறி இரவு முழுதும் ஓடினாலும் காலையில் எஞ்சின் எழும்பும்.

தண்ணீருக்கு 20 லீற்றர் கான் இரண்டும் ஒரு குழாயும் போதும். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. சிறு மின்பம்பிகளின் வாயில் சுண்ணம் படிந்து அடைக்கும். உயரத்தில் வைத்த கானிலிருந்து தானே இறங்கும் நீர் பழுதடையாது.

சட்ட நிலை

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இத்துறையின் அடிப்படை. பதிவிலுள்ள விபரங்களைப் பாதிக்கும் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லாவிட்டால் விபத்துக்குப் பின் சிக்கல் வரும். இருக்கையைக் கழற்றுவதற்கும் கூரையை வெட்டுவதற்கும் முன்னரே திணைக்களத்தில் விசாரித்து, கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.