இலையில் வாசித்த கையொப்பம்



ஐரோப்பியக் காடுகளில் பனி உருகும் நாட்களில், மரங்கள் துளிர்க்கும் முன்னரே ஹெப்பாட்டிகா என்னும் சிறுசெடி நீல மலர்களை விரிக்கிறது. கோடையில் மரநிழலே அதற்கு அடைக்கலம். மூன்று மடல்களுள்ள அதன் இலை குளிர்காலத்திலும் உதிராமல் கருஞ்சிவப்பேறி நிற்கும். அவ்வடிவமும் நிறமும் மனிதனுடைய ஈரலை நினைப்பூட்டியதால், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று.

அதே நிழலில் வளரும் பல்மொனேரியாவின் மலர் இளஞ்சிவப்பாய் விரிந்து நீலமாய் மாறுகிறது. அதன் இலையிலுள்ள வெண்புள்ளிகள் நோயுற்ற நுரையீரலைப் போல் தோன்றின. அதற்கும் அவ்வுறுப்பின் இலத்தீன் பெயரே வாய்த்தது.

இவ்வொற்றுமைகள் தற்செயலானவை என்று அக்கால மக்கள் எண்ணவில்லை. செடியின் புறத்தோற்றமே அதன் மருத்துவக் குணத்தை அறிவிக்கும் என்று 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் போதித்தார். 1588இல் நேப்பிள்ஸ் நகரத்துப் போர்ட்டா இதைப் பற்றிப் படங்களோடு ஒரு நூலே வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டில் வில்லியம் கோல்ஸ் என்னும் ஆங்கிலேயர், மனிதன் வாசித்தறியும்படி தேவனே மூலிகைகளின்மேல் அடையாளமிட்டார் என்று எழுதினார். ஈரல் நோயாளிக்கு ஹெப்பாட்டிகாவும், இருமுகிறவனுக்குப் பல்மொனேரியாவும் கொடுக்கப்பட்டன.

மறுத்தவர்களும் இருந்தார்கள். தாவரங்களை நுணுகி ஆராய்ந்த மருத்துவர் டொடோன்ஸ், இக்கொள்கை நிலையற்றது, நம்பத்தகாதது என்று 1583லேயே எழுதினார். ஆயினும் நம்பிக்கை அழியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஈரல் டானிக்குகளுக்காக அமெரிக்கக் காடுகளிலும் ஹெப்பாட்டிகா இலைகள் பெருமளவில் பறிக்கப்பட்டன. அந்த இலை ஈரலைக் குணமாக்குவதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பச்சைச் செடியின் சாறோ தோலைப் புண்ணாக்கக்கூடியது.

அவர்களைப் பார்த்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை. நோயாளியைத் தேவன் மறக்கவில்லை என்பதே அவர்களுடைய விசுவாசம், அது பிழையன்று. தங்கள் கண்ணுக்குத் தோன்றியதைச் சோதித்துப் பாராமல், அதைத் தேவனுடைய கையெழுத்து என்று அறிவித்ததே பிழை. அதன் விலையைச் செலுத்தியவர்களோ, குணமாவோம் என்று காத்திருந்த நோயாளிகள்.

பிரியமானவர்களே, நாமும் வியாதிப்படுக்கையின் அருகே நின்று, "இது கர்த்தர் காட்டிய அடையாளம்" என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன் சற்றே தரித்து, அது அவர் எழுதியதா, நம்முடைய ஆசை எழுதியதா என்று நிதானிப்போமாக. நோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் விசுவாசத்தின் செயலே.

அந்த நீல மலரோ, ஒருவருடைய ஈரலையும் குணமாக்காமலே, ஆண்டுதோறும் காட்டுநிழலில் பூத்துக்கொண்டிருக்கிறது. சிருஷ்டிகரைத் துதிக்க அதுவே போதுமானது.