உயரமும் கோணமும்

மோட்டார்க் காரின் உடல் தரையை ஒட்டி ஓடினால், அது காண்போர்க்கு மிடுக்காகத் தோன்றும். வளைவுகளில் சாய்வதும் குறையும். இவ்விரண்டையும் கருதி, ஸ்பிரிங்குகளை மாற்றித் தம் காரைத் தாழ்த்திக்கொள்வோர் பலர். அங்ஙனம் தாழ்த்திய பின் சக்கரங்களின் அலைன்மெண்டை மீண்டும் சரிபார்த்தே தீரவேண்டும் என்பர் தொழிலறிந்தோர். தாழ்ந்தது காரின் உடல். சக்கரங்களோ முன்போலவே தரையில் நிற்கின்றன. பின்னர் அவற்றைத் திருத்துவானேன்? இக்கேள்விக்கு விடை காண, சக்கர வண்டியின் வரலாற்றில் இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் மாட்டுவண்டிக்குச் சக்கரங்கள் இரண்டே. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பிவிடும். நான்கு சக்கரம் பூண்ட தேருக்கோ தானே திரும்பும் வகையில்லை. வீதி மூலைகளில் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டு, வடம் பிடித்து, பெருமுயற்சியால் அதனைத் திருப்புகின்றனர். ஆண்டிற்கு ஒருமுறை ஓடும் தேருக்கு அது போதும். ஐரோப்பாவில் நாள்தோறும் சாலையில் விரைந்த நாற்சக்கரக் குதிரைவண்டிகளுக்கு அது போதாது. ஆதலின் அங்கே முன் அச்சு முழுவதையும் அதன் நடுவே ஒரு முளையில் பொருத்தி, குதிரை இழுக்கும் பக்கம் அச்சே திரும்பும்படி அமைத்தனர். இதில் ஒரு தீங்கு இருந்தது. அச்சு திரும்பத் திரும்ப, வண்டியைத் தாங்கும் நாற்கோண அடித்தளம் ஒடுங்கி முக்கோணம் போலாகும். வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழும்.

இக்குறையை ஆராய்ந்தவருள் முன்னவர் இங்கிலாந்தில் லிச்பீல்டு நகரில் மருத்துவராயிருந்த எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வினின் பாட்டனார். நோயாளிகளைக் காண மேடுபள்ளமான சாலைகளில் நெடுந்தொலைவு பயணம் செய்தவர் அவர். அச்சை அசைக்காமல், அதன் இரு முனைகளிலும் சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பும் முறையை 1750களின் இறுதியில் அவர் சிந்தித்தார். அதற்குக் காப்புரிமை பெறவில்லை; ஆதலின் அது பரவவுமில்லை. 1768இல் அவரே வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு, முழங்காற் சில்லு முறிந்து, எஞ்சிய வாழ்நாளெல்லாம் சற்றுக் கால் தாங்கியே நடந்தார். அக்காலப் பயணத்தின் இடர் எத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றபின், மியூனிக் நகரத்து வண்டிக் கலைஞர் ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் இதே கருத்தைச் செயலுக்குக் கொணர்ந்தார். அவருக்கு முகவராக இருந்து 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் அக்கர்மன். இவர் இலண்டனில் படங்களும் நூல்களும் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். வண்டிகள் வரைவதிலும் வல்லவர். கடற்படைத் தலைவர் நெல்சனின் இறுதி ஊர்வல வண்டியை வரைந்தவரும் இவரே. கண்டவர் ஒருவராயிருக்க, காப்புரிமை பெற்றவர் பெயரே நிலைத்தது. இன்றும் அம்முறையை அக்கர்மன் முறை என்றே பொறியியல் நூல்கள் குறிக்கின்றன.

இம்முறையின் உட்கருத்தை ஒரு சிறு கணக்கால் தெளியலாம். முன் பின் அச்சுகளுக்கிடையே 250 சென்டிமீட்டரும், இடவலச் சக்கரங்களுக்கிடையே 140 சென்டிமீட்டரும் உள்ள கார் ஒன்று, தன் பின்னச்சின் நடுவிலிருந்து 5 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புவதாகக் கொள்வோம். உட்புறச் சக்கரம் சிறு வட்டத்தையும் வெளிப்புறச் சக்கரம் பெருவட்டத்தையும் வரையவேண்டும். எனவே உட்புற முன்சக்கரம் சுமார் 30 பாகையும், வெளிப்புற முன்சக்கரம் சுமார் 24 பாகையும் திரும்பினால்தான் இரண்டும் தேய்ப்பின்றி உருளும். இவ்வேறுபாட்டைத் தரும்படி இணைப்புக் கோல்களை அமைக்கும் வடிவியலை 1878இல் பாரிஸ் வண்டிக் கலைஞர் சார்லஸ் ஜாந்தோ வகுத்தார். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, பிரான்சில் ல மான் நகரத்து மணிவார்ப்பாளர் அமெதே பொல்லே, முன்சக்கரங்கள் தனித்தனியே திரும்பும் நீராவி வண்டியொன்றைச் செய்து முடித்திருந்தார். ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற காருக்கு மூன்று சக்கரங்களே இருந்தமைக்கும், நான்கு சக்கரங்களைத் திருப்பும் முறை அவருக்கு மனநிறைவு அளிக்காமையே காரணம். 1893இல் தமக்கென ஒரு முறையைக் கண்டு காப்புரிமை பெற்ற பின்னரே விக்டோரியா என்னும் நாற்சக்கரக் காரை அவர் வெளியிட்டார்.

திருப்பும் சிக்கல் தீர்ந்தது. நேரே ஓடச்செய்யும் சிக்கல் எஞ்சியது. இதற்கு மூன்று கோணங்கள் துணையாயின. முன்னால் நின்று பார்க்கையில் சக்கரத்தின் உச்சி உள்ளோ புறமோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கையில், சக்கரம் திரும்புவதற்குரிய முளை பின்சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பது போன்றதே இது. திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீள உதவுவது இச்சாய்வே. மேலிருந்து பார்க்கையில், இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ இருப்பது டோ எனப்படும்.

தொடக்கக் காலக் கார்களில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைத்தது. கேம்பர் அந்த அச்சின் வார்ப்பிலேயே அடங்கியிருந்தது. அச்சுக்கும் உடலுக்கும் இடையே ஸ்பிரிங் எவ்வளவு தாழ்ந்தாலும் சக்கரங்களின் சாய்வு மாறவில்லை. உயரமும் கோணமும் அந்நாளில் தொடர்பற்றவை.

ஆயின் அம்முறைக்கும் குறை உண்டு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கரத் தடைகளும் 1920களில் பரவியபோது, வேகத்தில் முன்சக்கரங்கள் இடவலமாகப் படபடவென்று அடிக்கும் நோய் பெருகிற்று. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பயின்று, 1930இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்திற் சேர்ந்த மாரிஸ் ஓலி இதனை விரிவாக ஆராய்ந்தார். அதன் பயனாக, ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனிக் கைகளால் தாங்கப்படும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1934ஆம் ஆண்டுக் கார்களில் புகுத்தியது. 1950இல் ஏர்ல் மக்பர்சன் அமைத்த எளிய தாங்கி இங்கிலாந்தின் போர்டு கார்களில் வந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று.

நம் கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. கதவு தன் கீலைச் சுற்றி வில் வரைவதுபோல, சக்கரத்தைத் தாங்கும் கையும் தன் மூட்டைச் சுற்றி வில் வரைகிறது. உடல் தாழ்ந்தால் கை சாயும். கை சாய்ந்தால் சக்கரமும் சாயும். பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் உச்சி உட்புறம் சாய்கிறது. ஸ்டியரிங்கின் இணைப்புக் கோலும் தனக்கென ஒரு வில்லை வரைகிறது. இவ்விரு வில்களும் ஒத்துப்போகாத அளவுக்கு டோ மாறிவிடும். வசதிக்காகச் சக்கரத்தை விடுதலை செய்தபோதே, உயரத்தையும் கோணத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டனர் பொறிஞர்.

இம்மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒன்றின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் உட்புறம் இருப்பதாகக் கொள்வோம். அது 200இல் ஒரு பங்கு. அப்படியாயின் 1 கிலோமீட்டர் ஓடும்போது அச்சக்கரம் 5 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 1000 கிலோமீட்டர் ஓடினால் 5 கிலோமீட்டர்! டயரின் விளிம்பு கரைவதில் வியப்பென்ன? பெரும்பாலும் கரைவது வெளியிலிருந்து காணவொண்ணாத உள்விளிம்பு. அது நூல் தெரியுமளவு தேய்ந்து, வேகத்தில் வெடித்தால் இழப்பு டயரோடு நில்லாது.

எனவே திருத்தும் பணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தாழ்த்திய காரைச் சிறிது ஓட்டி ஸ்பிரிங்குகளை அமரவிட வேண்டும். தாங்கு கைகளின் ரப்பர்ப் புஷ்களைக் காரின் எடை சக்கரங்களின்மேல் இருக்கும்போதே முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் அவை முறுக்கேறிக் கிழியும். பின்னர் டயர்க் காற்று, மூட்டுகளின் ஆட்டம், இடவல உயரம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பின்சக்கரங்களைத் திருத்தக்கூடிய கார்களில் அவற்றையே முதலில் நேராக்குவர். கார் செல்லும் திசையை வகுப்பவை அவையே. அதன்பின் முன்சக்கரங்களின் காஸ்டர், அடுத்துக் கேம்பர், ஈற்றில் டோ. முன்னவற்றை மாற்றினால் டோவும் மாறுமாதலின், அதனை இறுதியில் வைப்பதே முறை. கேம்பரைத் திருத்த இடமே இல்லாத கார்களும் உள. அவற்றிற்கு அதற்கெனச் செய்த போல்ட்டுகளையோ மேல் தகடுகளையோ பொருத்த வேண்டியிருக்கும். அவையும் ஈடுசெய்ய இயலாத அளவுக்குத் தாழ்த்துதல் தகாது.

மாணவர்களே! டார்வின் முதல் மக்பர்சன் வரை பலர் முயன்று கண்ட கணக்கு, ஒவ்வொரு காரின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கிறது. அதிலுள்ள ஓர் எண்ணை மாற்றும் உரிமை காருக்குடையவருக்கு உண்டு. அதனை மாற்றியவர் எஞ்சிய எண்களையும் மீண்டும் கணக்கிட்ட பின்னரே சாலையில் இறங்க வேண்டும். ஏனெனில் அச்சாலையில் பிறரும் செல்கின்றனர்.