குன்னம் வட்டாரத்து உழைப்பாளிக் குடும்பம் (19ஆம் நூற்றாண்டு)

இன்று பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள குன்னம், அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. மழையை நம்பிய கரிசல் காட்டில் வரகு, சோளம், கம்பு, பருத்தி விளைந்தன. மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த குடிசைகளே உழைப்பாளிகளின் வீடுகள். படியாள் எனப்பட்ட நிலமற்ற பண்ணையாளுக்குக் கூலி தானியமாகக் கிடைத்தது. முன்கடன் பட்டவர் பண்ணையைவிட்டு நகர முடியவில்லை. அடிமைத்தனத்துக்கான சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னும் இந்தக் கடன்கட்டு தளரவில்லை.

வீட்டின் உயிர் வரகு. உமி நீக்காத வரகு ஆண்டுக்கணக்கில் கெடாது. வசதியுள்ளோர் மண்குதிரில் சேமித்தனர். வரகைத் திரிகையில் உடைத்து, உரலில் குத்திச் சோறாக்கியது பெண்களே. வயல்வேலைக்கும் அவர்கள் சென்றதால், பெண்களின் உழைப்பைத் துணைவேலை எனச் சொல்வது தவறு. குதிரில்லாக் குடிசைகளைத்தான் 1876–78 தாது வருஷப் பஞ்சம் போன்ற பஞ்சங்கள் முதலில் தாக்கின.